ட்சியூர்: குணத்தைத் திருத்தும் மனச்சித்திரம்

கோபத்தால் கேடு விளையும் என்பது கோபக்காரருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் கோபம் மூளும் நொடியில் அந்த அறிவு கைகொடுப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனிய யூதர்களிடையே முஸார் என்னும் ஒழுக்க இயக்கத்தைத் தொடங்கிய ரபி (யூத மதகுரு) இஸ்ரேல் சலாந்தர் இந்தப் புதிருக்குத்தான் விடை தேடினார். 1858இல் வெளியான அவருடைய ‘முஸார் மடல்’, மனிதன் கற்பனையில் கட்டற்றவன், அறிவிலோ கட்டுண்டவன் என்று தொடங்குகிறது. மனத்தில் தெளிவான ஆற்றல்களும் மங்கலான ஆற்றல்களும் உள்ளன என்றும், சோதனை வரும்போது மங்கலானவையே முந்திக்கொள்கின்றன என்றும் அவர் விளக்கினார். நனவிலி மனத்தைப் பற்றி பிராய்டு எழுதுவதற்கு முன்பே இவ்வளவு நுட்பமாக ஒருவர் சிந்தித்திருப்பது வியக்கத்தக்கது.

மங்கலான அந்த ஆழத்தை அறிவுரை எட்டுவதில்லை. உணர்ச்சி தோய்ந்த காட்சி எட்டுகிறது. அதனால்தான் முஸார் மாணவர்கள் ஒழுக்க நூல்களை மௌனமாகப் படிக்காமல், உருக்கமான ராகத்தில் வாய்விட்டுப் படித்தார்கள். படித்ததை மனக்கண்ணில் காட்சியாக வரைந்துகொள்வதற்கு ட்சியூர் என்று பெயர். எபிரேயத்தில் அதன் பொருள் ஓவியம். எகிப்தில் அடிமையாக இருந்த யோசேப்பை, எசமானன் போத்திபாரின் மனைவி தன் ஆசைக்கு இணங்க வைக்க முயன்றபோது, சாளரத்தில் தந்தையின் முகம் தெரிந்ததால் அவன் விலகினான் என்கிறது யூதர்களின் மரபு நூலான தல்மூத். அவனைத் தடுத்தது சட்டவிதி அன்று, முகம்.

லித்துவேனியாவின் கெல்ம் நகரில் சலாந்தரின் மாணவர் ரபி சிம்ஹா சீசல் சிவ் (1824–1898) இதைப் பரிவுக்கான பயிற்சியாக வளர்த்தார். மோசே தன் மக்களின் சுமைகளைக் கண்டான் என்று வேதம் சொல்லும்போது, அவர்களுக்காக வருந்தவே அவன் கண்ணையும் நெஞ்சையும் செலுத்தினான் என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி உரை எழுதுகிறார். பிறர் சுமையை அப்படித் தன் தோளில் உணர வேண்டுமானால், ‘பாவம்’ என்று சொல்லிக் கடப்பது போதாது. தோலில் அழுந்தும் கயிற்றையும், மடங்கும் முழங்காலையும் மனத்தில் வரைந்தாக வேண்டும்.

இன்றைய உளவியல் முஸாரை நேரடியாகச் சோதித்து இதைச் சொல்லவில்லை என்றாலும், அதன் முடிவுகள் இதற்கு அருகில் வருகின்றன. ஒரு காட்சியைக் கற்பனை செய்யும்போது, பார்ப்பதற்கு உதவும் மூளைப் பகுதிகள் சில அப்போதும் இயங்குகின்றன. ஹோம்ஸும் மேத்யூஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அச்சமூட்டும் நிகழ்வுகளின் சொற்பொருளை மட்டும் எண்ணியவர்களைவிட அவற்றைக் காட்சியாகக் கண்டவர்களுக்கே பதற்றம் கூடியது. ஃபாமும் டெய்லரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது: நல்ல மதிப்பெண் கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே தேர்வை நன்றாக எழுதினார்கள்.

ஆகவே தன்னை ஒரு மகானாகக் கற்பனை செய்வதால் பெரிய பயன் இல்லை என்றே நான் கருதுகிறேன். முன்கோபியான ஒரு வணிகர் காலையில் கடை திறக்குமுன் வரைய வேண்டிய ஓவியம் வேறு: உடைந்த பொருளோடு வாடிக்கையாளர் உள்ளே வருகிறார், குரலை உயர்த்துகிறார், வணிகரின் தொண்டையில் சூடு ஏறுகிறது, அவர் கையைக் கல்லாமேசை மீது வைத்து, ஒரு மூச்சு விட்டு, முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்.

ஒருமுறை வரைந்தால் போதாது. பெஞ்சமின் பிராங்க்ளினின் முறையைத் தழுவி யூத அறிஞர் மெனாஹெம் மெண்டல் லெஃபின் எழுதிய நூல், 13 குணங்களை வாரத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு 4 சுற்றுகள் பழகச் சொல்கிறது. அதன்படி அந்த வணிகர் இரவில் அன்றைய தவறுகளைக் குறிப்பேட்டில் புள்ளியிடுவார். எந்த இடத்தில் குரல் உயர்ந்ததோ, மறுநாள் காலை அந்த இடத்தையே திரும்ப வரைவார்.