மின்னிரைச்சல்

மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டுத் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தெருவில் ஒரு மொபெட் கடந்தாலே திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். ரேடியோவில் பாட்டுக்கு நடுவே 'டர்ர்' என்று கரகரப்பு எழும். அது எஞ்சினின் சத்தம் அல்ல. எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் ஒயரிலிருந்து வந்தது. சிக்னலோடு ஒட்டிக்கொள்ளும் இத்தகைய வேண்டாத மின்னசைவுக்குத்தான் 'நாய்ஸ்' என்று பெயர். தமிழில் மின்னிரைச்சல்.

நாய்ஸ் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சச்சரவு, கூச்சல் என்று பொருள். அதற்கும் மூலம் இலத்தீனின் 'நௌசியா', அதாவது கடற்பயணக் குமட்டல் என்பது பல அகராதிகளின் முடிவு. கிரேக்கத்தில் 'நௌஸ்' என்றால் கப்பல். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இன்று மின்னிரைச்சலை 'புரூயி' என்கிறார்கள்.

தமிழில் சிலர் 'சத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை; சத்தம் காதில் விழ வேண்டும். இரைச்சல் அப்படியல்ல. கடல் இரைகிறது, மழை இரைகிறது என்கிறோம். வெளியே எந்த ஒலியும் இல்லாதபோதும் 'காது இரைகிறது' என்கிறோம். ஒலியில்லாத இரைச்சலை நம் பேச்சு முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெண்ணிரைச்சல், வெப்ப இரைச்சல் என்று கூட்டுச்சொற்களுக்கும் அது இணங்குகிறது.

'குறுக்கீடு' என்பதை இதற்கு மாற்றாகப் போடுவதும் சரியன்று. வெளியிலிருந்து வந்து சேர்வது மட்டுமே குறுக்கீடு. மின்தடையின் உள்ளேயே வெப்பத்தால் எழும் இரைச்சலை இயற்பியலாளர் ஜான்சன் அளந்து 1928இல் வெளியிட்டார்; எந்தக் கவசத்தாலும் அதைத் தடுக்க முடியாது. பிளக் ஒயர் தருவது குறுக்கீடு, அதனால் தடுக்கலாம்.

எப்படி? பிளக்குக்கு மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் காயிலிலிருந்து 20,000 வோல்ட்டுக்கு மேலும் ஏறக்கூடிய அழுத்தம், பிளக் முனையில் மின்பொறி தாவியதும் சட்டென்று விழுகிறது. 1887இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் வானொலி அலையை உண்டாக்கியதும் பொறியால்தான். ஆக ஒவ்வொரு பிளக்கும் யாரும் கேட்காத ஒரு ஒலிபரப்பி. அதன் ஒயர்தான் ஆன்டெனா. மின்னோட்டத்தின் துள்ளலை அடக்க ஒயருக்குள் செம்புக்குப் பதில் கரி ஏற்றிய நார் வைக்கிறார்கள். பல பிளக்குகளுக்குள்ளும் சுமார் 5,000 ஓம் மின்தடை உண்டு, என்.ஜி.கே. நிறுவனப் பிளக்கின் எண்ணில் வரும் 'ஆர்' அதையே குறிக்கிறது. 'நல்லதாக இருக்கட்டும்' என்று வெறும் செம்பு ஒயர் மாட்டினால் ரேடியோ மறுபடி கரகரக்கும்.

இது இரைச்சல் பிறக்கும் இடத்தில் செய்யும் வேலை. வாங்கும் பக்கத்தில், வெப்பம், வேகம் போன்றவற்றை அளந்து சிக்னல் அனுப்பும் சென்சாரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்குவார்கள். அடுத்தடுத்த முறுக்குகளில் ஏறும் இரைச்சல் எதிரெதிராகி அழிந்துபோகும். இதற்கு கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். மேலே பின்னிய செம்பு வலையைக் கவசம் எனலாம்; அதை எர்த்தில் சேர்க்காவிட்டால் வாங்கிய இரைச்சலை அப்படியே உள்ளே கடத்திவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் செலவில்லாத வழி ஒன்று உண்டு: உயர் அழுத்த ஒயரையும் சென்சார் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாமல் தள்ளி வைப்பது. கடந்தே தீர வேண்டும் என்றால் கூட்டல் குறிபோல் குறுக்காக.