கப்பல் உச்சியில் ஒரு குறைகுடம்

ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற சொகுசுக் கப்பல் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. நீளம் 365 மீட்டர். அதில் ஏழு நீச்சல் குளங்கள். அவற்றில் பெரியது கொள்ளும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர். நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டு, பதின்மூன்று தண்ணீர் லாரி. ஒலிம்பிக் குளம் ஒன்றை நிரப்ப 25 லட்சம் லிட்டர் வேண்டும். ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலில் குளம் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிப் போனது? இடப் பஞ்சம் பாதிக் காரணம். மீதி, தண்ணீரின் குணம்.

நிறைகுடம் தளும்பாது என்பது கப்பல் பொறியாளருக்கு அன்றாடக் கணக்கு. எரிபொருள் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் தொல்லையில்லை. காலியாக இருந்தாலும் தொல்லையில்லை. அரைகுறையாக இருந்தால்தான் வம்பு. கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் உள்ளிருக்கும் திரவமும் ஓடிச் சேர்ந்து, சாய்வுக்குத் துணைபோகும். தொட்டியை நிரப்பி மூடிவிடலாம். குளத்தை என்ன செய்வது? அது என்றைக்கும் குறைகுடம்தான். இந்தத் தொல்லை அகலத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது; அகலம் இரட்டித்தால் தொல்லை எட்டு மடங்கு. 10 மீட்டர் அகலக் குளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கினால், தண்ணீர் அதே அளவு இருந்தும் தொல்லை கால்பங்காகிவிடும். ஒரே பெரிய குளத்துக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல குளங்கள் கட்டுவதில் இப்படியொரு லாபம் இருக்கிறது.

அடுத்தது தாளம். பந்தியில் ரச வாளி தூக்கிச் செல்பவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் நடையும் வாளிக்குள் ரசம் ஆடும் ஆட்டமும் ஒத்துப்போய்விட்டால், நாலே எட்டில் ரசம் இலைக்குப் போகாமல் வேட்டிக்குப் போகும். குளத்து நீருக்கும் அப்படி ஓர் ஆட்டக் காலம் உண்டு. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு 3.8 மீட்டர் போகும். 10 மீட்டர் நீளக் குளத்தில் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப 5 நொடி சொச்சம் ஆகும்; 20 மீட்டர் நீளமென்றால் 10 நொடிக்கு மேல். பெரிய கப்பல் முன்னும் பின்னுமாக ஒருமுறை ஏறி இறங்கும் நேரமும் 10 நொடியை ஒட்டித்தான் வரும். இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தைய அலைக்கு உரம் சேர்க்கும். நீந்துகிறவரைச் சுவரில் மோதவிடும் அளவுக்கு அலை எழும். குளத்தின் நீளத்தைக் குறைத்தால் தாளம் பிசகும். பிசக வேண்டும் என்பதே நோக்கம்.

கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும், மீனுக்கிருப்பது போன்ற துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாக அடக்கிவிடும். ஆனால் முன்பின் ஆட்டத்துக்கு முன் அவற்றின் பாச்சா பலிக்காது.

எடையின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட சாதாரணக் குளத்திலேயே 75 டன் தண்ணீர் நிற்கும். அதைக் கொண்டுபோய் உச்சித் தளத்தில் வைத்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் மேலேறும். எதிர் எடையைக் கீழே வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். 1912இல் டைட்டானிக் கப்பலின் குளம் கீழ்த்தளங்களில் ஒன்றில், கூரைக்கு அடியில் இருந்தது. வெந்நீராக்கிய கடல்நீரில் குளித்தார்கள். வெயில் காய்வது அன்றைய அட்லாண்டிக் பயணிகளின் ஆசையாகவும் இல்லை. போர்வைக்குள் சுருண்டபடி தளத்து நாற்காலியில் காற்று வாங்கினார்கள்.

கடல்நீர் என்றதும் ஒரு வேடிக்கை. கடல்நீர்க் குளத்தில் குளோரின் போட்டால் கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் குளோரின் செய்வதில்லை. கடல்நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் புரோமைடு இருக்கிறது. குளோரின் அதைத் தாக்கி ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றுகிறது. கிருமிகளோடு மல்லுக்கு நிற்பது அதுதான். கூலி ஒருவருக்கு, வேலை இன்னொருவர் தலையில்.

குளத்தைச் சுற்றிக் கிடக்கும் சாய்வு நாற்காலிகளுக்கு எதிரி காற்று. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் தளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று வீசும். எதிர்க்காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஓரமெங்கும் உயரமான கண்ணாடித் தடுப்புகள். படுத்திருப்பவருக்கு இந்தக் காற்று செய்யும் துரோகம் வேறு வகை. தோலைக் குளிர்வித்து வெயில் உறைக்காமல் செய்துவிடுகிறது. புற ஊதாக் கதிரோ தன் வேலையை நிறுத்துவதில்லை. மாலையில் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் முதுகு வெந்தது தெரியும்.

தளும்பி வழியும் நீரைக் குளத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால் பிடித்துக் கீழேயிருக்கும் தொட்டிக்கு அனுப்ப, பம்பு அதை வடிகட்டித் திரும்பக் கொண்டுவரும். சிறு ஆட்டத்துக்கு அது போதும். பெருங்காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் குளத்தையே வடித்துவிடுவார்கள். தளும்பவும் ஒன்றுமில்லை, உச்சியில் 75 டன் பாரமும் இல்லை. வெறுங்குளத்தில் யாரும் விழாதபடி மேலே வலை கட்டப்படும். பணியாளர்கள் பட்டப்பகலில் சாய்வு நாற்காலிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டத் தொடங்கினால், பக்கத்துக் குளத்தை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.