வால்வை மூடினால்தான் கணக்கு வரும்

“புதிய எண்ணெய்க் கிணறு, நாளொன்றுக்கு இத்தனை பீப்பாய்” என்று செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் யார் போய் அளந்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். பாதிப் பதில் எங்கள் பெரியப்பாவுக்கே தெரியும்.

தோட்டத்துக் கிணறு எப்படி என்று கேட்டால், அவர் எட்டிப் பார்த்துச் சொல்ல மாட்டார். மோட்டாரைப் போட்டு அடிவரை இறைப்பார். நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். “ஒரு பீடி முடியறதுக்குள்ள ரெண்டு படி ஏறிடுச்சு, ஊத்து நல்லாத்தான் இருக்கு.” கிடக்கிற தண்ணீர் வேறு, ஊறுகிற தண்ணீர் வேறு.

எண்ணெயும் அப்படித்தான். பூமிக்கடியில் அது ஏரியாகத் தேங்கியிருப்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. துளைகள் எத்தனை என்பதோடு, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வழிவிடுகின்றன என்பதும் முக்கியம். இந்த ஊடுருவுதிறனுக்கு அலகு டார்சி. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி, மணல் அடைத்த குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து 1856-இல் சொன்னது: அழுத்த வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். பாறையில் 200 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), கிணற்றடியில் 150 பார், வரத்து நாளுக்கு 100 கன மீட்டர் என்றால், ஒரு பார் வித்தியாசத்துக்கு 2 கன மீட்டர். இதுவே கிணற்றின் உற்பத்தித்திறன் எண். அழுத்தம் ரொம்பக் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து வழியை அடைக்கும், நேர்கோடு வளைந்துவிடும். அதற்கு 1968-இல் வோகல் என்ற பொறியாளர் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எண்ணெய் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே துளைக்கு வருகிறது. தேர்த்திருவிழாக் கூட்டம் நாலு வீதியிலும் தாராளமாக நடந்துவந்து கோயில் வாசலில் நெரிபடுவதுபோலத்தான். கிணற்றின் ஆரம் 10 செ.மீ., எண்ணெய் வருவது 300 மீட்டர் தொலைவிலிருந்து என்று வைத்து, பள்ளியில் படித்த மடக்கையைப் போட்டுப் பாருங்கள்: மொத்த அழுத்த இழப்பில் சுமார் 42 சதவீதம் கடைசி 3 மீட்டரிலேயே போய்விடுகிறது! துளையிடும்போது ஊற்றிய சேறு கிணற்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் பாறையை அடைத்து, ஊடுருவுதிறனைப் பத்தில் ஒன்றாக்கினால், வரத்து 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாறையில் பழுதில்லை, கெட்டது ‘தோல்’ மட்டுமே. துறைக்காரர்களும் அதை ‘ஸ்கின்’ என்றுதான் சொல்கிறார்கள்.

பாறை மோசமா, தோல் மோசமா என்று எப்படிப் பிரிப்பது? சில நாள் எண்ணெயை ஓடவிட்டு, வால்வை மூடி, அடியில் இறக்கிய அழுத்தமானியைப் படிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது. மூடிய கிணற்றை மூடவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது பாட்டுக்கு ஓடுகிறது. வால்வை மூடிய கணத்தில் அதே இடத்தில் இன்னொரு கற்பனைக் கிணறு முளைத்து, இது எடுக்கிற அளவையே உள்ளே செலுத்துகிறது. எடுப்பதும் கொடுப்பதும் கழிந்து வரத்து பூஜ்யம். இரண்டின் விளைவையும் கூட்டினால், உண்மையில் அழுத்தம் எப்படி மீளும் என்பது கிடைத்துவிடும்!

முதலில் அழுத்தம் விறுவிறுவென ஏறும். பிறகு, ஒரு மணியிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் 4 பார் ஏறினால், அடுத்த 4 பார் ஏற ஏறத்தாழ நூறாவது மணி வரை காத்திருக்க வேண்டும். நேரத்தை மடக்கை அளவில் வைத்து வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு. இந்தக் கோடு எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு நல்ல பாறை. கோட்டை நீட்டினால் பாறையின் மூல அழுத்தம் தெரியும். மூடியதும் எழும்பிய உயரத்தில் தோலின் குற்றம் தெரியும். ஹார்னர் என்பவர் இந்த முறையை எண்ணெய்க்காக 1951-இல் எழுதினார். நிலத்தடி நீருக்காக அமெரிக்கரான தைஸ் 1935-இலேயே, வெப்பம் பரவும் சமன்பாட்டைக் கடன்வாங்கிச் சொல்லியிருந்தார்.

தண்ணீருக்கும் இதே கணக்குதான் என்பதால் கேட்கிறேன்: உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குத் தட்சணை கொடுத்து, லட்சக்கணக்கில் போர் போடுகிறோம், போட்டபின் ஒருநாள் இறைத்து நிறுத்தி ஊறலைக் குறித்துவைக்கச் சொன்னால் மட்டும் ஏன் டீசல் வீண் என்கிறோம்? அதற்கு அரசு மானியம் கொடுத்தாலும் தகும்.

முதல் நாள் பீறிடலை நம்பினால் என்னாகும் என்பதற்கு டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் இருக்கிறது. 1901 ஜனவரி 10 அன்று பீய்ச்சியடித்த கிணற்றின் வரத்தை நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். அடக்க ஒன்பது நாளானது. சுற்றிலும் நெருக்கி நெருக்கிக் கிணறு தோண்டினார்கள். 1904-இல் அந்தக் களம் முழுவதுமே நாளுக்குப் பத்தாயிரம் பீப்பாயாகச் சுருங்கிவிட்டது.

அழுத்த மாற்றம் பாறைக்குள் மெதுவாகவே பரவும். வால்வை எவ்வளவு நேரம் மூடி வைக்கிறோமோ அவ்வளவு தூரம் பார்க்கலாம். போகிற வழியில் எண்ணெய் கடக்க முடியாத பாறைப் பிளவு குறுக்கிட்டால் கண்ணாடியில் பட்டதுபோல ஆகிவிடும்: பிளவுக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் இன்னொரு கற்பனைக் கிணறு இருப்பதாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். வரைபடத்தில் கோட்டின் சாய்வு சரியாக இருமடங்காகும். இதைப் பார்க்கத்தான் பொறியாளர் “இன்னும் ஒருநாள் மூடியே இருக்கட்டும்” என்று கெஞ்சுவார். விற்காமல் நிற்கிற எண்ணெயை மேலதிகாரி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.