சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகளின் வீடியோக்களைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் அது பாடல் வரிகளிலும் உடைகளிலும் போய் நின்றுவிடும். விளம்பரங்களுக்கும் தனிப்பாடல்களுக்கும் ஒளிப்பதிவு செய்வது என் தொழில். எங்கள் ஆட்கள் பலர் இந்த வீடியோக்களை முதலில் சத்தம் இல்லாமல்தான் பார்ப்போம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கேமரா யாருடைய கண் மட்டத்தில் இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது, முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது. கறுப்பினப் பெண்களின் வலிமையைச் சொல்பவை என்று பேர் வாங்கிய வீடியோக்களில் பாதிக்கு மேல் வேலை இங்கேதான் நடக்கிறது.

தோலிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஃபிலிமே அந்தத் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம், பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதல் மாடலின் பெயரை வைத்து லேப்காரர்கள் அதை ‘ஷர்லி அட்டை’ என்றார்கள். ஷர்லியின் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் சேர்ந்து நின்ற பள்ளிக்கூடப் படங்களில், கறுப்பினக் குழந்தைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்து 2009-இல் எழுதினார். அதில் ஒரு செய்தி என்னை இன்னும் உறுத்துகிறது. ஃபிலிமை மாற்றச் சொல்லி நெருக்கியவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்தார்கள். விளம்பரப் படத்தில் பால் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு வகை மரமும் ஒரே நிறமாக வருகிறது என்பது அவர்களுடைய புகார். பல இனப் பெண்கள் ஒன்றாக இருக்கும் மாதிரி அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

டிஜிட்டல் வந்ததும் கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சார் கைகொடுத்தது, ஆனால் பழக்கம் அப்படியே இருக்கிறது. கறுத்த முகம் ஃபிரேமுக்குள் வந்தாலே “லைட்டை ஏத்துப்பா” என்று ஒரு குரல் கேட்கும். ஏற்றினால் பின்னணி வெளுத்துப் போகும், முகம் சாம்பல் பூத்ததுபோல ஆகும். கறுத்த தோல் மொத்த வெளிச்சத்தில் குறைவாகத்தான் திருப்பித் தரும். ஆனால் தன் மேல் விழும் பளபளப்பை மிகத் துல்லியமாகக் காட்டும். வெண்கலச் சிலையைப் படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும்: சிலை மேல் நேரடியாக லைட் அடிப்பதைவிட, பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பரப்பை வைத்து, அந்தப் பரப்பு சிலையில் பிரதிபலிக்கும்படி செய்தால் வடிவம் எழுந்து நிற்கும். ‘இன்செக்யூர்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்கோஃப்ஸ்கி 2017-இல் விளக்கிய முறையும் கிட்டத்தட்ட இதுதான். முகத்துக்கு மினுமினுப்புத் தரும் கிரீம், வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், மினுமினுப்பைக் கூட்டிக் குறைக்க லென்ஸில் ஒரு போலரைசர். நம் செட்டில் இதற்கு ஒரு தெர்மாகோலும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் போதும். பணம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, வீடியோக்களுக்கு வருவோம். 1981-இல் தொடங்கிய அமெரிக்க இசைச் சேனல் எம்டிவியில் ஆரம்ப ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களைப் பார்ப்பதே அரிது. 1983-இல் வெள்ளைக்கார ராக் பாடகர் டேவிட் போவி அந்தச் சேனலுக்குக் கொடுத்த பேட்டியிலேயே இது ஏன் என்று திருப்பிக் கேட்டார். 1989-இல் ராப் பாடகி குயீன் லத்தீஃபா, மோனி லவ்வுடன் சேர்ந்து ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ கொடுத்தபோது அவருக்கு வயது 19. தொடக்கத்தில் ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ஏஞ்சலா டேவிஸ் ஆகிய கறுப்பினப் பெண் போராளிகளின் படங்கள் வருகின்றன. அப்புறம் ராணுவ பாணி உடையில் லத்தீஃபா. அவருக்கு முன்னால் தெற்கு ஆப்பிரிக்காவின் பெரிய வரைபடம். அதன் மேல் நிற்கும் வெள்ளைக்கார ஆண் பொம்மைகளைத் தட்டிவிட்டு, உயர்த்திய கறுப்பு முஷ்டிகளை அங்கே வைக்கிறார். அப்போது மண்டேலா சிறையில்தான் இருந்தார். ஒளிப்பதிவில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. காயை நகர்த்தும் கை யாருடையது என்பதைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

வித்தை என்றால் 1997-இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட் நடித்து, ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய ‘தி ரெயின்’. காற்றடைத்து உப்பவைத்த பளபளக்கும் கறுப்பு உடை, ஜூன் ஆம்ப்ரோஸ் வடிவமைத்தது. அதன் மேல் ஃபிஷ்-ஐ லென்ஸ். இந்த லென்ஸில் கிட்டே இருப்பது மிகப் பெரிதாகும், ஓரங்கள் வளைந்து ஓடும். அந்தக் காலத்து ராப் வீடியோக்களில் கேமரா பெண்ணின் உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும்: இடுப்பு, தொடை, உதடு. இங்கே கேமராவுக்கு மேய ஒரு உருவரையே இல்லை. உடம்பு உடைக்குள் ஒளிந்துவிட்டது, முகம் மட்டும் லென்ஸை முட்டிக்கொண்டு முன்னால் வருகிறது. ஒல்லியாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால்தான் வீடியோவில் இடம் என்றிருந்த காலத்தில், தன் உருவத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு வந்து நின்றார் மிஸ்ஸி. வேடிக்கையாகவும் இருக்கிறது, மிரட்டவும் செய்கிறது. என்னைக் கேட்டால் இந்த வகையில் இதற்கு இணையான லென்ஸ் தேர்வு இன்றுவரை வந்ததில்லை.

அந்தப் பழைய பார்வைக்கு எதிர்ப்பு வீடியோக்களுக்கு வெளியிலும் கிளம்பியது. தன் வீடியோவில் ஒரு பெண்ணின் உடம்பில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதைக் காட்டிய ராப் பாடகர் நெல்லி, 2004-இல் எலும்பு மஜ்ஜை தானப் பிரசாரத்துக்காக அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அது கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி. முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் பேசலாம், அப்புறம் மற்றது என்றார்கள் மாணவிகள். நிகழ்ச்சி ரத்தானது.

2016 பிப்ரவரியில் பியான்சேயின் ‘ஃபார்மேஷன்’ வந்தது. இயக்குநர் மெலினா மட்சூகாஸ், ஒளிப்பதிவு மாலிக் சையீத். முதல் பிம்பமே வெள்ளத்தில் பாதி மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் கார். அதன் கூரை மேல் பியான்சே. 2005-இல் கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து அந்த நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனதும், ஏழைக் கறுப்பின மக்கள் கூரைகளின் மேல் உதவிக்காகக் காத்திருந்ததும் அமெரிக்கர்களுக்கு மறக்காத காட்சிகள். காரின் மேல் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அந்தக் கார் மூழ்கும்போது தானும் சேர்ந்து மூழ்குகிறாள். அவளைக் காப்பாற்ற யாரும் வரவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

உள்ளே போனால், அடிமை முறைக் காலத்து எஜமானர் வீடு போல ஒன்று. அதற்குள் பழங்கால வெள்ளை உடையில் விசிறியோடு கறுப்பினப் பெண்கள். சுவர்களில் கறுப்பின மனிதர்களின் ஓவியங்கள், ஐரோப்பியப் பிரபுக்களின் படங்களைப் போலவே சட்டமிட்டு மாட்டப்பட்டவை. வெளிச்சத்தைக் கவனியுங்கள். வீட்டுக்குள் அது மங்கல், பின்னணி கிட்டத்தட்ட இருட்டு, ஆனால் எந்த முகமும் தொலைந்து போகவில்லை. நடுநடுவே பழைய கேம்கார்டர் தரத்தில் எடுத்த காட்சிகள் வந்து விழுகின்றன. அவை வந்ததும் அலங்கார வீட்டுக்கு ஒரு தெரு ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டு தரங்களையும் கிரேடிங்கில், அதாவது நிறத்தைச் சீராக்கும் வேலையில், ஒன்றாக்கிவிடாமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் கலரிஸ்ட் என்றால் “மேட்ச் ஆகலியே” என்று முதல் வேலையாக அதைத்தான் சரிசெய்திருப்பார்! கடைசியில், ஆயுதம் தரித்த போலீஸ் வரிசைக்கு முன்னால் ஹூடி போட்ட ஒரு சிறுவன் ஆடுகிறான். அவன் கையை விரித்ததும் போலீஸ்காரர்கள் கையைத் தூக்குகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து பியான்சேயும் அவருடைய கணவர், ராப் பாடகர் ஜே-ஸீயும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எடுத்த வீடியோவில் ஆயுதம் இடம்தான். டாவிட் வரைந்த நெப்போலியன் முடிசூட்டு ஓவியம் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். அதன் முன்னால் பல பழுப்பு நிறங்களில் தோலோடு ஒட்டிய உடை அணிந்த நடனப் பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள், நடுவில் பியான்சே. ஓவியத்தின் அகலத்தையே ஃபிரேமின் அகலமாக வைத்ததால், கீழே நிற்கும் வரிசையும் அந்த அரசவையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பின்பு பெனுவா என்ற பெண் ஓவியர் 1800-இல் வரைந்த கறுப்பினப் பெண்ணின் படம் தனியாக வருகிறது. பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1794-இல். நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது 1802-இல். நடுவில் கிடைத்த அந்தச் சின்ன இடைவெளியில் வரையப்பட்ட முகம் அது. அந்தப் பெண் மடலேன் என்ற பெயரோடு பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது 2019-இல்தான்.

பிரம்மாண்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு 2016-இல் வந்த, பியான்சேயின் தங்கை சோலாஞ்சின் ‘கிரேன்ஸ் இன் தி ஸ்கை’. ஒளிப்பதிவு ஆர்தர் ஜாஃபா. ஜூலி டாஷ் 1991-இல் எடுத்த ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவாளர். பியான்சேயின் ‘லெமனேட்’ படத்தில் வெள்ளை உடையில் நிற்கும் பெண்களைப் பார்த்ததும் பலருக்கு ஞாபகம் வந்த படம் அது. சோலாஞ்சின் வீடியோவில் ஃபிரேம்கள் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன. மலை, வானம், அதில் சின்னதாகச் சில பெண்கள். வெட்டு அவசரப்படவில்லை. ஒரு பெண் எதுவும் செய்யாமல் நிற்பதை இவ்வளவு நேரம் பார்க்க வைப்பது பாடல் வீடியோவில் அரிது. எடிட்டிங் மேஜையில் “ரெண்டு செகண்ட் கம்மி பண்ணுங்க” என்று கேட்டே பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எல்லாவற்றையும் கொண்டாடிவிட முடியாது. ‘லெமனேட்’ வந்த சில வாரங்களில் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் அதைக் கடுமையாகவே விமர்சித்தார். கறுப்பினப் பெண்ணின் உடம்பை அழகாகக் காட்டுவதும் சந்தைச் சரக்குதான் என்றார். மஞ்சள் உடையில் பியான்சே பேஸ்பால் மட்டையோடு கார்க் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு போவதால் எந்த ஆதிக்கமும் ஒழியாது என்பதும் ஹூக்ஸின் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். லோ ஆங்கிள், ஸ்லோ மோஷன், காற்றில் பறக்கும் முடி இந்த மூன்றும் சேர்ந்தால் யாரும் ராணியாகத் தெரிவார்கள். சோப்பு விளம்பரத்தில் தினமும் நாங்கள் செய்வதும் அதுதான். ஆனால் அதே காட்சியில் பியான்சே ஒரு கண்காணிப்புக் கேமராவையும் அடித்து நொறுக்குகிறார். தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவியை உடைப்பதும் கார்க் கண்ணாடியை உடைப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

நம் செட்டுகளுக்கு இதில் நேரடியாக எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்றால், 2020-இல் வந்த பியான்சேயின் ‘பிரவுன் ஸ்கின் கேர்ள்’ இருக்கிறது. ஜென் நிகிரு இயக்கியது, மறு ஆண்டு கிராமி வாங்கியது. லுபிட்டா நியாங்கோ, நவோமி கேம்பெல், கெல்லி ரோலண்ட் ஆகியோரோடு ஷீரா ரவீந்திரன் என்ற தமிழ் மாடலும் அதில் வருகிறார். பழுப்பின் பல அடர்த்திகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. எந்த முகத்தையும் பக்கத்து முகத்தின் நிறத்துக்கு இழுக்கவில்லை. நம் பக்கத்தில் அந்த இழுப்பு நடக்கிறது. ஒரு நகை விளம்பரத்துக்கு மாநிறத்தைவிடக் கறுப்பான மாடலைத் தேடிப் பிடித்து வந்தார்கள். மேக்கப்பில் இரண்டு ஷேட் ஏற்றினார்கள், கிரேடிங் நடக்கும் டிஐயில் இன்னும் கொஞ்சம். வெளியான படத்தில் அந்தப் பெண்ணை அவர் வீட்டிலேயே சட்டென்று அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒளிப்பதிவு பழகுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. ஐந்து பேர் நிற்கும் குரூப் ஷாட்டில் இருப்பதிலேயே கறுத்த முகத்துக்கு முதலில் லைட் அமையுங்கள். வெளிர்ந்த முகங்களை அப்புறம் வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் தட்டியான கட்டர் வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். மேக்கப் ஆளிடம் பவுடருக்குப் பதில் மாய்ஸ்சரைசர் கேளுங்கள். மானிட்டரில் முகம் இருட்டாகத் தெரிந்தால் லைட்டை ஏற்றும் முன், அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்துக்கு, இறக்கிப் பாருங்கள். கிரேடிங் நடக்கும் நாளில் ஷூட்டில் எடுத்த ஒரு ஸ்டில்லோடு நீங்களே போய் உட்காருங்கள். போன் பண்ணிச் சொன்னால் நடக்காது.