புதிதாகப் பெயின்ட் அடித்த அந்த ஒற்றைச் சுவர்

வீடுகளை ஆய்வு செய்வது என் தொழில். பையில் ஈரமானி, ரசமட்டம், டார்ச், ஒரு சின்ன சுத்தியல் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது, மற்ற மூன்று சுவர்களும் மங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் நேரே அங்கே போய்விடுவேன். “அதெல்லாம் போன மாசமே சரி பண்ணியாச்சு சார்” என்பார் வீட்டுக்காரர். பெரும்பாலும் சரியானது கறைதான். கசிவு அப்படியே இருக்கும்.

அப்படி ஒரு படுக்கையறைச் சுவரை மறக்க முடியாது. முழங்கால் உயரம் வரை பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுவருக்கு மறுபக்கம் குளியலறை. குழாய் உடைந்திருக்கும், சுவரை உடைத்துப் பார்த்துவிடலாம் என்று வேலைக்காரர் உளியோடு தயாராக நின்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டோம். காலையில் பார்த்தால் எண் நகரவே இல்லை. ஆக, சுவருக்குள் போகும் குழாயில் குற்றம் இல்லை. அடுத்து, குளியலறைத் தரையின் வடிகால் வாயை அடைத்து, இரண்டு விரல்கடை உயரம் தண்ணீர் நிறுத்தி ஒருநாள் விட்டோம். மறுநாள் படுக்கையறைப் பக்கம் ஈரமானியின் முள் ஏறிவிட்டது. தரை டைல்ஸும் சுவர் டைல்ஸும் சேரும் இடுக்கில் பூசியிருந்தது கரைந்து போயிருந்தது. அந்த இடுக்கைச் சுத்தம் செய்து புதிதாக அடைத்ததோடு வேலை முடிந்தது. உளிக்கு வேலையே வரவில்லை.

ஈரம் தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் நுழையும் இடம் வேறு. கூரையில் நுழைந்த தண்ணீர் உள்ளே கம்பியையும் மின்குழாயையும் பிடித்துக்கொண்டு நடந்து, இரண்டு அறை தள்ளி மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். அதனால் கறையைப் பார்த்ததும் அதற்கு மேலே என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, எப்போது பெரிதாகிறது என்று கேளுங்கள். மழைக்குப் பின் மட்டும் பெரிதானால் கூரையையோ வெளிச்சுவரையோ சந்தேகியுங்கள். மழை வெயில் பாராமல் ஒரே மாதிரி இருந்தால் குழாயோ குளியலறையோதான். தரையிலிருந்து ஏறி, சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து சுவர் உறிஞ்சும் ஓதம். அதன் மேல் தண்ணீர் புகாத பெயின்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான்.

சில ஈரம் சுவரிலிருந்து வருவதே இல்லை. அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஒரு முழம் அகல நீளத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் தேவை ஜன்னல் திறப்பும் வெளியேற்று விசிறியும்தான்.

தட்டையான கூரை என்றால் மழை விட்ட மறுநாள் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். இரண்டு நாளாகியும் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் போதவில்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். வாட்டம் சரியாக இருந்தும் பத்து இலைகள் சேர்ந்து வடிகால் வாயை மூடினால் போதும், கூரை குளமாகிவிடும். கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைத்த செடியைப் பலர் மேலாகக் கிள்ளிப் போடுகிறார்கள். வேர் உள்ளே தடித்துக்கொண்டுதான் இருக்கும். வேரோடு எடுத்து அந்த இடத்தை அடைக்க வேண்டும்.

விரிசல் கண்டு பதறுபவர்களிடம் நான் கொடுப்பது ஒரு பென்சில். விரிசலின் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். நடுவில் அகலத்தையும் அளந்து குறியுங்கள். சில மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டவில்லை, அகலவும் இல்லை என்றால் பூச்சு காய்ந்ததில் வந்த தலைமயிர் விரிசலாகவே இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்று, நீண்டுகொண்டே போகிறதா? 5 மி.மீ.க்கு மேல் வாய் பிளக்கிறதா? கதவு திடீரென்று நிலையில் உரசுகிறதா? அப்போது பெயின்டரை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கூரையடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இன்னொரு கதை. இரும்பு துருவாகும்போது பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. துருவைத் தேய்த்து நீக்காமல் மேலே சிமென்ட் அப்பினால் அதுவும் விழும். கம்பால் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தை விட்டுவிடலாம். பொத்தென்று ஒலித்தால் கீழே கட்டிலைப் போடாதீர்கள்.

கரையானும் ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. சுவரோரம் பென்சில் தடிமனில் ஏறும் மண்கோட்டைத் துடைத்துவிட்டுப் போவது, எனக்குக் கிடைத்த தடயத்தை அழிப்பதற்குச் சமம். படம் எடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அதிகம் ஆள் புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் குழாய் உடைந்ததாக நினைக்க வேண்டாம். வடிகாலின் வளைவில் நிற்கும் சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. அது வற்றியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போயிற்று.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு, இருக்கிறதா பாருங்கள். மற்ற சுவிட்சுகள் வயரைக் காப்பவை, உங்கள் உயிரைக் காப்பது இது. அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியன். தொட்டால் சூடாக இருக்கும் பிளக்கும், பழுப்பேறிய சுவிட்சுப் பலகையும் அதே அவசரம்தான். ஈரச் சுவரில் மின்பெட்டி இருப்பதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் சொல்வேன்.

என்னை ஆய்வுக்கு அழைப்பவர்களில் பாதிப்பேர் முந்தின இரவு போன் செய்து, “மழை பிடிச்சிருக்கு சார், வெயில் வந்ததும் வாங்களேன்” என்கிறார்கள். குடையோடு அப்போதே கிளம்பி வந்துவிடுகிறேனே என்பேன்.