போலி என்று தெரிந்தும் மனசு ஏன் சுருங்குகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "விளம்பரத்தில் வரும் முகமெல்லாம் கணினியில் மெருகேற்றியது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் மனசு சுருங்கிப் போகிறதே, ஏன்?"

பிறரோடு ஒப்பிட்டுத்தான் மனிதர்கள் தங்களை எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். சரிதான். ஆனால் எதிரில் இருப்பது பொய் என்று தெரிந்த பிறகும் ஒப்பீடு ஏன் அறுபடவில்லை? அதற்கான விடை பார்வையிலேயே ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபோயர்ஸ் அருவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பாறைக்குப் பார்வையைத் திருப்பினார். பாறை மேல்நோக்கி நகர்ந்தது! படம் முடிந்து பெயர்கள் வரிசையாக மேலேறும்போது நீங்களும் சோதிக்கலாம். திரையின் நடுவில் ஒரே புள்ளியை வெறித்துக்கொண்டிருங்கள். ஓட்டம் நின்றதும் திரை மெல்லக் கீழே இறங்கும்.

மூளையில் கீழ்நோக்கிய அசைவுக்குச் சில நரம்பணுக்கள், மேல்நோக்கிய அசைவுக்குச் சில. எதுவும் அசையாதபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாகத் துடிக்கின்றன. அந்தச் சமநிலையைத்தான் மூளை 'அசைவில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தரப்பை ஓயாமல் வேலை வாங்கினால் அதன் துடிப்பு தணிகிறது. தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது, நிற்கும் பாறை ஏறுகிறது. பாறை நகராது என்று ஆடம்ஸுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நகர்ந்தது.

முகங்களையும் உடல்களையும் பார்க்கும்போதும் இப்படி ஒரு நடுப்புள்ளி வேலை செய்கிறது. இதுவரை பார்த்தவற்றின் சராசரியை வைத்துக்கொண்டு, எதிரில் வருவது அதிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று மூளை அளக்கிறது. அந்தச் சராசரி நிலையானதல்ல, பார்க்கப் பார்க்க நகரும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கில்லியன் ரோட்ஸும் சகாக்களும் 2003இல் உருக்குலைத்த முகங்களைச் சில நிமிடங்கள் காட்டினார்கள். அவ்வளவுதான், எந்த முகம் இயல்பு, எந்த முகம் அழகு என்ற தீர்ப்பு அந்தப் பக்கமாக நகர்ந்துவிட்டது. 2005இல் ஒடுக்கமான பெண்ணுடல்களைக் காட்டியபோதும் அப்படியே, 'இயல்பான உடல்' மெலிந்துபோனது. சில நிமிடங்களுக்கே இந்த விளைவு என்றால், நாள்தோறும் மணிக்கணக்கில் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் கண்களை நினைத்துப் பாருங்கள்.

'இது திருத்திய படம்' என்ற அறிவு, சராசரி போடும் இந்த வேலையைத் தடுப்பதில்லை என்றே நான் நினைக்கிறேன். விளம்பரங்களில் மாடல்களின் உடலமைப்பைத் திருத்தியிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2017 முதல் கட்டாயமாக்கியது. நல்ல நோக்கம். ஆனால் இத்தகைய வாசகங்களைப் பரிசோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, பார்ப்பவரின் மனக்குறை அவற்றால் குறையவில்லை என்றே காட்டுகின்றன.

நகர்ந்த நடுப்புள்ளியோடு கண்ணாடி முன் நிற்பவருக்கு இன்னொன்றும் நடக்கிறது. 1998இல் உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழு, ஆளுயரக் கண்ணாடி இருந்த அறையில் சிலரை நீச்சலுடையிலும் சிலரை ஸ்வெட்டரிலும் தனியாகக் கணக்குப் போட வைத்தது. நீச்சலுடை அணிந்த பெண்களின் மதிப்பெண் சரிந்தது, ஆண்களுடையது சரியவில்லை. தன் உடலைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் மனதில் கணக்குக்கு இடம் குறைந்துபோகிறது. ஆண்கள் தப்பித்தார்கள் என்றுதான் அப்போது தோன்றியது. 2004இல் வேறொரு குழு, ஆண்களுக்கு உடலோடு ஒட்டிய சிறிய நீச்சலுடையைக் கொடுத்தது. அவர்களுடைய மதிப்பெண்ணும் சரிந்தது.

ஆண்களின் வலி கண்ணில் படாமல் போனதற்கு அளவுகோலும் ஒரு காரணம். இப்போதைய உடலுக்கும் விரும்பும் உடலுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டால், பெண்களில் பெரும்பாலோர் மெலிய வேண்டும் என்பார்கள். ஆண்களில் ஒரு பகுதியினர் இளைக்கவும் இன்னொரு பகுதியினர் பெருக்கவும் விரும்புவார்கள். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். 'ஆண்களுக்குக் குறையில்லை' என்று படித்துவிடலாம்! தசை வேட்கையைத் தனியாக அளக்கும் வினாத்தாள் 2000இல்தான் மெக்ரியரி, சாஸ் என்ற இரு ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. அதற்குள் பொம்மைகளே ஊதிப்போயிருந்தன. ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் படைவீரர் பொம்மையை ஆள் உயரத்துக்குப் பெருக்கினால் 1964இல் 12.2 அங்குலமாக இருந்த கைத்தசைச் சுற்றளவு, 1990களில் வந்த 'எக்ஸ்ட்ரீம்' வடிவத்தில் 26.8 அங்குலம் என்று மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழு கணக்கிட்டது. இளைஞர்கள் தசை பெருக்கும் ஸ்டீராய்டு ஊசியைத் தேடிப் போவதைத் தனிமனித அசட்டுத்தனம் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆண்களின் உடல் பற்றிய ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகவே நிதி வேண்டும்.

நடுப்புள்ளி ஒரு பக்கம் மட்டும் நகர்வதில்லை, கண்ணுக்குக் கிடைப்பதை மாற்றினால் திரும்பியும் வரும். 2023இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் 17 முதல் 25 வயது வரையுள்ள மாணவர்களில் ஒரு பிரிவினர் சமூக ஊடகத்தை நாளுக்கு 60 நிமிடமாகக் குறைத்தார்கள். மூன்றே வாரத்தில் தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களின் மதிப்பு உயர்ந்தது, ஆண் பெண் இருபாலரிடமும். அதனால் அந்த வாசகிக்கு என் பதில்: படம் போலி என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதைவிட, அதைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.