மோட்டாரை விடுங்கள், ஜாரைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. ஐஸை அரைத்து உறைபானம் செய்யும் இயந்திரத்தின் அதே தெளிவான பிளாஸ்டிக் ஜார், அதே இடத்தில் விரிசல்: அடித்தளமும் சுவரும் சேரும் மூலையில், பிளேடு வளையத்துக்கு ஒரு விரல் மேலே. தடவிப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தலைமுடி போல ஒரு கோடு. கொண்டுவந்தவர் ஜாரை மேசையில் வைப்பதற்கு முன்பே நோயையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "மோட்டாருக்கு வலு போதவில்லை. ஐஸை அரைக்க முடியாமல் திணறுகிறது. இதைவிடப் பெரிய மோட்டாராகப் போட்டுக் கொடுங்கள்." முன்பு வந்த மூன்று பேரும் இதையேதான் கேட்டார்கள். ஐந்தாவது ஆளிடம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை; இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிடுவேன்.

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். புதிய மாதிரிகள் விற்பனைக்குப் போகுமுன் சோதித்துக் குறை சொல்லும் வேலையும் அவ்வப்போது வரும். சொன்ன குறைகளில் பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு கதை. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் ஒன்று தெரிகிறது. வாங்குபவரும் சரி, வடிவமைப்பவரும் சரி, மோட்டாரைத்தான் இயந்திரம் என்று நினைக்கிறார்கள். ஜார் அவர்களுக்கு வெறும் பாத்திரம். உறைபானம் செய்யும் இயந்திரத்தில் பாதி வேலையைச் செய்வது அந்தப் பாத்திரத்தின் வடிவம்.

அடுத்த முறை ஐஸ் போட்டு அரைக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். முதல் சில விநாடிகள் கடகடவென்று உடையும். பிறகு அடங்கிய உறுமல். அதன்பின் திடீரென்று சத்தம் மெலிந்து, உச்சத்துக்குப் போய்க் கீச்சிடும். "அரைத்து முடித்துவிட்டது" என்று பலரும் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் பிளேடு இப்போது எதையும் தொடவில்லை, காற்றில் சுற்றுகிறது. நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து கரண்டியால் தட்டிப் பாருங்கள். மேலே கெட்டியான கூரை போல ஐஸ் நிற்கும். கரண்டி அதைக் குத்தி உள்ளே இறங்கினால் அடியில் வெற்றிடம், அதாவது காற்றுக்குழி.

பிளேடு எதையும் வெளிப்பக்கமாகத்தான் வீசும். தண்ணீராக இருந்தால் சுவரில் ஏறி, நடுவில் சுழித்து, மறுபடி பிளேடின் மேலேயே வந்து விழும். ஐஸ் கலந்த குழம்பாகக் கெட்டியாகிவிட்டால் வீசியது சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. அதைத் திருப்பி அனுப்புவது மோட்டாரின் கையில் இல்லை. சுவரின் சரிவு, அடியின் வளைவு, உள்பக்கம் புடைத்து நிற்கும் வரம்புகள் ஆகியவைதான் அதைச் செய்ய வேண்டும். 1922-இல் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி கோப்பையின் அடியில் சுழலும் பிளேடை வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது மால்ட் கலந்த பால் பானம். அதாவது நீர்மம். அந்த வடிவத்தையே வைத்துக்கொண்டு நாம் அதில் கல் போன்ற ஐஸைக் கொட்டுகிறோம்.

இனி அந்தப் பெரிய மோட்டார் விவகாரத்துக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், இதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கில்லை. வேகம் கூடினால் பிளேடு இன்னும் பலமாக வீசும். பலமாக வீசினால் காற்றுக்குழி பெரிதாகும். காற்றுக்குழி பெரிதானால் அரைபடுவது குறையும். ஆகவே நீங்கள் கேட்கும் மருந்து நோயை வளர்க்கும் மருந்து. போதாக்குறைக்கு, மோட்டார் செலவழிக்கும் ஆற்றல் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை, வெப்பமாகத்தான் முடிகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். 1000 வாட் இழுக்கும் மோட்டார் ஒரு நிமிடம் ஓடினால் 60,000 ஜூல். அதில் பாதி மட்டும் ஜாருக்குள் சேர்ந்தால்கூட ஏறக்குறைய 90 கிராம் ஐஸ் தண்ணீராகிவிடும். குளிர்பானத்தைக் கெட்டியாக்க வாங்கிய இயந்திரத்தால் அதை நீர்க்க வைப்பது இப்படித்தான். கீச்சிடும் சத்தத்தோடு இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு "ஐஸே இல்லை, தண்ணீராக இருக்கிறது" என்று புகார் சொல்கிறவர்களும் என்னிடம் வருவதுண்டு.

நான்காவது நபருக்கு இதைச் செய்தே காட்டினேன். அவருடைய மோட்டாரை அப்படியே வைத்து, என்னிடமிருந்த வேறு ஜாரை மாட்டினேன். முதலில் நீர்மம், பிறகு ஐஸ், ஒரு விநாடி வீதம் விட்டுவிட்டு எட்டு முறை சுவிட்சைத் தட்டினேன். மணல் போல மென்மையாக வந்தது. ஒரு வாய் குடித்தார். "நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு, "அப்படியென்றால் பெரிய மோட்டார் போட்டால் நான்கு தட்டிலேயே ஆகிவிடும் அல்லவா?" என்றார்.

அந்த வேறு ஜாரில் என்ன விசேஷம்? அடி குறுகலாக, மேலே போகப்போக விரிகிறது. அடிமூலை கூர்மையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கிறது. உள்சுவரில் நான்கு வரம்புகள். அவை பிளேடின் உயரத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகின்றன, ஐஸ் அவற்றுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கி நிற்காது. சுவரோடு சேர்ந்து சுற்ற நினைக்கும் குழம்பை இந்த வரம்புகள் தடுத்து நடுவுக்குத் தள்ளுகின்றன. வழவழப்பான வட்ட ஜார் பார்க்க அழகு, கழுவச் சுலபம், அரைக்க உதவாது. வளைந்த அடிமூலைக்கு இன்னொரு பயனும் உண்டு. கூர்மையான மூலையில்தான் அடியின் அழுத்தமெல்லாம் போய்க் குவியும். அந்தத் தலைமுடிக் கோடு அங்கே தொடங்குவதற்குக் காரணம் அதுதான். காரம் மிகுந்த சோப்புத்தூளும் கொதிக்கும் நீரும் இந்த ஜாரின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டை நாளடைவில் வலுவிழக்கச் செய்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஐஸ் பார்த்துக்கொள்ளும்.

வடிவமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட்டைக் கறுப்பு நிறத்தில் செய்யாதீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் தன் பானத்தில் கிடந்த கறுப்பு நூல் போன்ற ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். கழுவிவிட்டு மாட்டும்போது வளையம் மடிந்திருக்கிறது, விளிம்பு பிளேடுக்கு எட்டியிருக்கிறது, மெல்லமெல்லச் சீவி எடுத்துவிட்டது. பளிச்சென்ற நிறத்தில் இருந்திருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். அடுத்தது, பிளேடைச் சுற்றும் தண்டின் சீலுக்குக் கீழே ஒரு சிறு கசிவுத் துளை. சீல் தேய்ந்தால் சர்க்கரைத் தண்ணீர் தண்டைத் தாங்கும் பேரிங்கில் இறங்கும் முன் அந்தத் துளை வழியே வெளியே சொட்டும், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். துளை இல்லாத ஜாரில் சர்க்கரை உள்ளேயே பாகாகிப் பேரிங்கை இறுக்கிய பிறகுதான் சேதி வெளியே வருகிறது. ஒரு துளைக்கு என்ன செலவாகிவிடும்? மூன்றாவது, மூடியின் நடுவே ஒரு துவாரமும், அதில் நுழைக்க ஒரு தள்ளுகோலும் கொடுங்கள். கோலுக்குக் கழுத்துப்பட்டை இருக்கட்டும், பிளேடைத் தொடாதபடி. அது இல்லாததால்தான் மக்கள் மரக்கரண்டியை விடுகிறார்கள்.

பிளேடே இல்லாமல் உறைய வைக்கும் இயந்திரங்கள் வேறு வகை. உள்ளே குளிர்ந்த உருளை; அதன்மேல் படியும் ஐஸை ஒரு சுருள் துடுப்பு வழித்துக்கொண்டே இருக்கும். இவற்றில் என்னிடம் வருபவை பெரும்பாலும் துடுப்பு உடைந்தவை அல்லது பல்சக்கரம் தேய்ந்தவை. கேட்டால், "சர்க்கரை வேண்டாம் என்று வெறும் சாறும் தண்ணீரும் ஊற்றினேன்" என்பார்கள். அங்கே சர்க்கரை வெறும் இனிப்புக்காக இல்லை. தண்ணீர் உறைய உறைய மீதி நீர்மத்தில் சர்க்கரை செறிந்து, அது உறைவதற்கு இன்னும் குளிர் வேண்டியிருக்கிறது. எனவே குழம்பாகவே நிற்கிறது. 100 கிராம் பானத்தில் 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை இருந்தால் பிரச்சினை இல்லை. அது இல்லையென்றால் உருளையைச் சுற்றி ஐஸ் கல்லாகக் கவ்விக்கொள்ளும். துடுப்பு முட்டிக்கொண்டு நிற்கும்.

சர்க்கரைக்குப் பதிலாக, பானம் கல்லாக உறையாமல் தடுக்கும் கிளிசரால் என்ற இனிப்பான நீர்மத்தை ஊற்றலாமே என்று தயவுசெய்து யாரும் கிளம்பாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். சிறு குழந்தைகளுக்கு அது இரத்தச் சர்க்கரையைக் குறைத்து மயக்கம் வரை கொண்டுபோகும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023-இல் 4 வயதுக் குழந்தைகள் வரை கிளிசரால் கலந்த உறைபானம் கூடாது என்று சொன்னது. 2025-இல் அந்த எல்லையை 7 வயதுக்குட்பட்டவர்கள் என்று உயர்த்தியது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நீர்மம் முதலில், ஐஸ் பிறகு. மாற்றிப் போட்டால் பிளேடு தொடக்கத்திலேயே காற்றில் சுற்றும். ஜாரின் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். மிச்சத்தை ஜாரோடு உறைபெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், விரிவதற்கு இடம் தேடி உங்கள் ஜாரின் மூலையைப் பிளக்கும். கண்ணாடி ஜாரென்றால் ஐஸ் அரைத்த சூட்டோடு, மன்னிக்கவும், குளிரோடு, வெந்நீர் ஊற்றாதீர்கள். சத்தம் மெலிந்தால் நிறுத்துங்கள். கரண்டியோ கையோ உள்ளே போகுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தேன் என்று சொன்ன விரல்களை நான் கட்டுப்போட்ட நிலையில் பார்த்திருக்கிறேன்.

"குளிரில் கிருமி இருக்காது" என்று சொல்லிக் கழுவாமல் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைநிலை பெரும்பாலான கிருமிகளைக் கொல்லாது, தூங்க வைக்கும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. பால் சேர்த்த பானத்தின் மிச்சம் தங்குவது பிளேடுக்கு அடியில், கேஸ்கெட்டின் மடிப்பில், பானம் ஊற்றும் குழாயின் வாயில். மேலாக அலசினால் அங்கே தண்ணீரே போகாது. கழற்றிக் கழுவுங்கள், காயவிட்டு மாட்டுங்கள்.

கழற்றும்போது கேஸ்கெட்டை ஒரு முறை விரலில் இழுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு துணுக்கு குறைந்திருந்தால், அது எங்கே போயிருக்கும் என்று யோசித்து மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். புதியதை வாங்கி மாட்டுங்கள்.